உங்களுக்குத் தெரியுமா? மாத்தளையின் மின்சாரம்: 50-உம் அதன் மடங்குகளும்

"கரண்ட் இருக்கிறதா?" மின்சாரத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது இதை மட்டும்தான். வந்திருக்கும் கரண்ட் நல்லதா என்று கேட்பவர் அரிது. தோட்டத் தொழிற்சாலையில் மோட்டார் சூடேறுவதற்கும், விளக்கு சிமிட்டுவதற்கும், புதிதாக வாங்கிய கருவி ஆறு மாதத்தில் பழுதாவதற்கும் பல வேளைகளில் காரணம் மின்சாரத்தின் தரம்தான். அந்தத் தரத்தைக் காப்பதிலும் கெடுப்பதிலும் மின்சாரம் வழங்குபவருக்கு மட்டுமல்ல, நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு.

1. ஒரே ஆற்றுவழி, மூன்று நிலையங்கள்
கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் திருப்பப்படும் மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து உக்குவளையில் வெளிப்படுகிறது. அங்குள்ள ஏறத்தாழ 40 மெகாவாட் மின்நிலையம் 1976 இல் இயங்கத் தொடங்கியது. நீர் சுது கங்கையில் சேர்ந்து கீழே போக, 1981 இல் வந்த போவதென்ன நிலையம் இன்னொரு 40 மெகாவாட் தருகிறது. அதற்கும் கீழே மொரகஹகந்தவில் 25 மெகாவாட் நிலையம் உள்ளது. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் மாவட்டம் மாத்தளை.

2. சுருளிலேயே தொடங்கும் தூய்மை
நல்ல மின்பிறப்பாக்கி தருவது சீராக ஏறி இறங்கும், ஏறத்தாழ குறையற்ற சைன் அலை. இது தற்செயலாக வருவதல்ல. செப்புச் சுருளின் அகலத்தைத் துருவ இடைவெளி முழுவதற்கும் வைக்காமல் 5/6 பங்காகச் சுருக்கினால், அலையைக் கெடுக்கும் 5ஆம், 7ஆம் மடங்குச் சிற்றலைகள் (இவை என்னவென்று அடுத்துப் பார்ப்போம்) ஏறத்தாழ கால்பங்காகக் குறைந்துவிடும். வடிவமைப்பவர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கையாளும் உத்தி இது. பிறக்கும் இடத்தில் அலை சுத்தமாகவே இருக்கிறது. அழுக்கு பெரும்பாலும் பயன்படுத்தும் இடத்தில்தான் சேர்கிறது.

3. ஹார்மோனிக் என்றால் என்ன?
நமது மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அதாவது அலை ஒரு செக்கனில் 50 முறை ஏறி இறங்குகிறது. அதன் மேல் 150, 250, 350 ஹேர்ட்ஸ் என்று முழு மடங்குகளில் ஏறிக்கொள்ளும் சிற்றலைகளே ஹார்மோனிக்குகள். ஒரே சுரத்தை நாதஸ்வரத்திலும் வீணையிலும் வாசித்தாலும் காது வேறுபாட்டை அறிவது இத்தகைய மேல் மடங்குகளால்தான். இசைக்கு அவை அழகு. மோட்டாருக்கும் டிரான்ஸ்போமருக்கும் வீண் சூடு.

4. வெப்பத்தை ஆராய்ந்தவர் தந்த கணக்கு
எவ்வளவு கோணலான அலையானாலும், திரும்பத் திரும்ப வருமானால் அதைச் சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியவர் பிரான்ஸின் ஜோசப் ஃபூரியே. 1822 இல் வெளியான அவரது நூல் மின்சாரத்தைப் பற்றியதல்ல. திண்மங்களில் வெப்பம் பரவுவதைப் பற்றியது. இன்று எந்த மின்தர அளவுமானியின் உள்ளேயும் ஓடுவது அவர் வகுத்த கணக்கே.

5. உச்சியில் மட்டும் உறிஞ்சும் விளக்கு
பழைய குண்டு பல்ப் அலையின் முழு நீளத்துக்கும் சீராக மின்னோட்டம் எடுத்தது. எல்.ஈ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் உள்ளே ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கி இருக்கிறது. எளிய சீராக்கி அலையின் உச்சிக்கு அருகே சில மில்லிசெக்கன்கள் மட்டும் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. ஊரில் எல்லாக் கருவிகளும் ஒரே உச்சியில் உறிஞ்சும்போது அந்த உச்சியே மழுங்கித் தட்டையாகிறது; அதாவது அலையில் ஹார்மோனிக்குகள் ஏறுகின்றன. எல்.ஈ.டி. மின்சாரத்தைச் சேமிக்கிறது என்பது உண்மை. அதைக் கைவிடத் தேவையில்லை. தரமான சுற்று உள்ள விளக்கைத் தேர்ந்தெடுப்பதே வழி.

6. சிறிய விளக்குக்குக் கிடைத்த சலுகை
கருவிகள் எவ்வளவு ஹார்மோனிக் வெளியிடலாம் என்று வரையறுக்கும் சர்வதேச விதி ஐ.ஈ.சி. 61000-3-2. விளக்குகளில் 25 வாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு அது கடுமையான வரம்பு வைத்தது. அதற்குக் குறைந்தவற்றுக்கு வரம்பு தளர்வு. நம் வீடுகளில் எரிபவையோ பெரும்பாலும் 5, 9, 12 வாட் விளக்குகள். தனித்தனியே சிறியவையானாலும், ஒரு நகரம் முழுவதும் சேரும்போது அவற்றின் கூட்டு சிறியதல்ல.

7. வோல்ற்றுமானி காணாத கோளாறு
230 வோல்ற் வரும் இணைப்பில் 5 சதவீத ஹார்மோனிக் திரிபு இருந்தால் சாதாரண மானி என்ன காட்டும்? ஏறத்தாழ 230.3 வோல்ற். சிற்றலைகள் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களின் கூட்டாகவே சேர்கின்றன. அதனால் "வோல்ற்றேஜ் சரியாகத்தானே இருக்கிறது" என்று மின்வினைஞர் சொல்வதும் உண்மை, மோட்டார் சூடாவதும் உண்மை. அலையின் உருவத்தைப் பார்க்கும் கருவி இல்லாமல் இந்த வழக்கு தீராது.

8. விலை மலிந்த கிளாம்ப் மீற்றர்
கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் மலிவான மீற்றர்கள் சராசரியை அளந்து, அலை தூய சைன் என்று எடுத்துக்கொண்டு எண்ணைக் காட்டுகின்றன. துடிப்புத் துடிப்பாக ஓடும் மின்னோட்டத்தில் இவை 30 சதவீதம் வரை, சில வேளை அதற்கும் மேல், குறைத்துக் காட்டக்கூடும். கம்பி தாங்கும் அளவு மீறியிருக்க, மானி பாதுகாப்பு என்று சொல்லும். "ட்ரூ ஆர்.எம்.எஸ்." என்று பொறித்த மீற்றரை வாங்குவது வேலை செய்பவரின் உயிருக்கும் நல்லது.

9. தேர்த் திருவிழாவும் நியூட்ரல் கம்பியும்
மாசி மகத்தில் ஐந்து தேர்கள் உலாவரும் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத் திருவிழாவைப் போல் எந்த விழாவாக இருந்தாலும், மின் அலங்காரம் அமைப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்று பேஸுக்கும் விளக்குகளைச் சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாமற் போகும் என்பது பழைய பாடம். எல்.ஈ.டி. சரங்களில் அது பொய்த்துப்போகும். 3ஆம் மடங்கலைகள் (ஹார்மோனிக்குகள்) மூன்று பேஸிலும் ஒரே கணத்தில் எழுவதால், ஒன்றையொன்று அழிக்காமல் நியூட்ரலில் கூடிவிடுகின்றன. மோசமான நிலையில் நியூட்ரலின் மின்னோட்டம் பேஸ் கம்பியில் ஓடுவதைப் போல் 1.73 மடங்காகலாம். நியூட்ரலுக்கு மெல்லிய கம்பி போட்டுச் சிக்கனம் பார்ப்பது தீயை அழைப்பதாகும்.

10. டிரான்ஸ்போமருக்குள் ஒரு பொறி
கிராமத்துக் கம்பத்தில் நிற்கும் டிரான்ஸ்போமர் 33,000 வோல்ற்றை 400 வோல்ற்றாக இறக்குகிறது. அதன் உயர் வோல்ற்றளவுப் பக்கச் சுருள்கள் முக்கோணமாக இணைக்கப்படுவது வழக்கம். கீழே ஊரில் எழும் 3ஆம் மடங்கலைகள் அந்த முக்கோணத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, மேலே 33,000 வோல்ற் கோட்டுக்கு ஏறாமல் அடைபடுகின்றன. மேற்கோடு தப்பிக்கிறது. அவை சுற்றுவதால் எழும் சூட்டைத் தாங்குவது டிரான்ஸ்போமர்.

11. 49 மடங்கு
டிரான்ஸ்போமர்ச் சுருளில் எழும் சுழிப்போட்ட இழப்பு மீடிறனின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 50 ஹேர்ட்ஸில் ஒரு அம்பியர் உண்டாக்கும் இந்த இழப்பை, 350 ஹேர்ட்ஸில் அதே ஒரு அம்பியர் 49 மடங்காக்குகிறது. வெப்பநிலை தொடர்ந்து 6 முதல் 10 பாகை செல்சியஸ் கூடினால் காப்புப் பொருளின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளரின் பொதுக் கணக்கு. 30 ஆண்டு நிற்க வேண்டியது 15 ஆண்டில் போனால், அந்தச் செலவு எல்லோருடைய பில்லிலும்தான் வந்து சேரும்.

12. கொழுந்து வாட்டும் விசிறியின் இலாபம்
எல்கடுவை, இறத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டப் பெரிய விசிறிகள் மணிக்கணக்கில் ஓடுகின்றன. விசிறியின் மின்தேவை வேகத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்ப மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும். இதற்காகப் பொருத்தப்படுவதே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அதன் சாதாரண வடிவம் 5, 7, 11, 13 ஆகிய மடங்கலைகளைக் கோட்டில் விடுகிறது. கருவியோடு சேர்த்துத் தூண்டிச் சுருள் ஒன்றையும் பொருத்தினால் அவை வெகுவாகக் குறையும். சேமிப்புக்குப் பணம் போடும்போதே இதற்கும் சிறு தொகை ஒதுக்குவது அறிவு.

13. எதிர்த்திசையில் சுழற்றும் அலை
மூன்று பேஸ் மோட்டாருக்குள் 50 ஹேர்ட்ஸ் அலை உண்டாக்கும் காந்தப்புலம் ஒரு திசையில் சுழல்கிறது. 5ஆம் மடங்கலையின் புலமோ அதற்கு நேரெதிர்த் திசையில் சுழன்று தண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. 7ஆவது மீண்டும் முன்னோக்கிச் சுழல்கிறது. இரண்டும் சேர்ந்து தண்டில் அதிர்வையும் உடலில் சூட்டையும் தருகின்றன. சுமை கூடாமலே மோட்டார் கொதித்தால், பெயரிங்கை மாற்றும் முன் வோல்ற்றளவின் அலையையும் பார்க்க வேண்டும்.

14. மருந்தே நோயாகும் இடம்
பவர் ஃபேக்டரைச் சீராக்கக் கொள்ளளவிகள் பொருத்துவது தொழிற்சாலைகளின் வழக்கம். ஆனால் டிரான்ஸ்போமரும் கொள்ளளவியும் சேர்ந்து ஏதோ ஒரு மீடிறனில் பரிவடையும் (ரெசனன்ஸ்). 5 சதவீத மின்தடங்கல் (இம்பீடன்ஸ்) உள்ள 400 கே.வி.ஏ. டிரான்ஸ்போமரோடு 160 கே.வி.ஏ.ஆர். கொள்ளளவியை இணைத்தால் அந்தப் பரிவு 7ஆம் மடங்குக்கு அருகே விழுகிறது. அங்கே வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருந்தால், அவை விடும் 7ஆம் அலை பலமடங்கு பெருகும். கொள்ளளவி வீங்கும், ஃபியூஸ் போகும். 7 சதவீதத் தூண்டியைத் தொடராகச் சேர்த்தால் பரிவு 189 ஹேர்ட்ஸுக்கு இறங்குகிறது. அது 3க்கும் 5க்கும் இடைப்பட்ட பாதுகாப்பான இடம்.

15. பில்லில் வரும் கே.வி.ஏ.
வீட்டு மீற்றர் அலகுகளைக் கணக்கிடுகிறது. 42 கே.வி.ஏ.க்கு மேல் ஒப்பந்தம் உள்ள தொழிற்சாலைக்கும் ஹோட்டலுக்கும் அலகுகளோடு உச்சத் தேவைக்கும், வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் கே.வி.ஏ. கணக்கில் கட்டணம் உண்டு. ஹார்மோனிக் மின்னோட்டம் வேலை எதுவும் செய்யாமலே கே.வி.ஏ.யைக் கூட்டுகிறது. அதைக் குறைப்பது பொதுநலத்தோடு நிற்பதில்லை. மாதாமாதம் கைக்குத் திரும்பும் பணமும்கூட.

16. கோட்டின் கடைசி வீடு
ஒரே வெல்டிங் இயந்திரம் மாத்தளை நகரின் நடுவில் ஓடினால் அயலவர் உணர மாட்டார். லக்கல மலைப்பக்கத்தில் நீண்ட கோட்டின் நுனியில் ஓடினால் ஊரே உணரும். கோடு நீள நீள மின்தடங்கல் கூடுகிறது. அதே மின்னோட்டம் அங்கே பெரிய வோல்ற்றளவுத் திரிபை உண்டாக்குகிறது. தொலைவில் இருப்பவருக்குத் தடித்த கம்பியும் அருகே ஒரு டிரான்ஸ்போமரும் தருவதை யாரும் சலுகையாக எண்ணக் கூடாது, அது சமநீதி.

17. செக்கனுக்கு 9 சிமிட்டல்
வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தில் மனிதக் கண்ணை மிகவும் தொல்லைப்படுத்துவது செக்கனுக்கு ஏறத்தாழ 9 முறை நிகழும் சிமிட்டல். அந்த வேகத்தில் வோல்ற்றளவு அரை சதவீதத்துக்குக் குறைவாக ஆடினாலும் குண்டு பல்பின் ஒளியில் கண் கண்டுபிடித்துவிடும். படிக்கும் பிள்ளைக்குத் தலைவலி என்றால், மேசை விளக்கோடு பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் இயந்திரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

18. கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றுபோகும் தொழிற்சாலை
நக்கிள்ஸ் மலைக் காற்றில் ஒரு கிளை கோட்டில் உரசினால், பல கிலோமீற்றருக்கு அப்பாலும் வோல்ற்றளவு ஒரு கணம் சரிந்து மீளும். வீட்டில் விளக்கு மங்கித் தெளியும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கும் கொன்டாக்டர், வோல்ற்றளவு ஏறத்தாழ பாதிக்குச் சரிந்தாலே விட்டுவிடக்கூடும். கரண்ட் போகவே இல்லை. ஆனாலும் எல்லா இயந்திரமும் நின்றிருக்கும். மின்வெட்டுக் கணக்கில் பதியாத இழப்பு இது.

19. இடி மாதங்கள்
இலங்கையில் மின்னல் மிகுவது இரண்டு பருவங்களுக்கு இடையில்: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும். பிற்பகல் மேகம் திரளும் அந்த நாட்களில், கோட்டில் பாயும் மின்னெழுச்சி ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரமே நீடித்தாலும் மின்னணுச் சுற்றைத் துளைத்துவிடும். பாதுகாப்புக் கருவி வாங்கினால் போதாது. நல்ல ஏர்த் இல்லாத வீட்டில் அந்த எழுச்சிக்குப் போக்கிடம் இல்லை.

20. கிணற்று மோட்டாரும் சமனற்ற பேஸும்
கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயச் செய்கைக்குத் தண்ணீர் இறைப்பது பம்புகள். மூன்று பேஸ் பம்பில், பேஸ்களுக்கு இடையே வோல்ற்றளவு 1 சதவீதம் சமன் குலைந்தால் மின்னோட்டம் 6 முதல் 10 சதவீதம் வரை சமன் குலையும். வீடுகளெல்லாம் ஒரே பேஸில் தொங்கும் ஊரில் மோட்டார் சுருள் எரிவதற்கு இதுவே போதும். மூன்று பேஸிலும் வோல்ற்றளவை அளந்து எழுதி வைத்திருக்கும் விவசாயியின் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கடினம்.

21. வெயில் ஏறும்போது ஏறும் வோல்ற்
கூரைச் சூரிய மின்சாரத்தைப் பரப்பும் அரச திட்டம் 2016 இல் தொடங்கியது. நல்ல இன்வேர்ட்டர் முழுச் சுமையில் ஏறத்தாழ தூய அலையே தருகிறது. காலையிலும் மாலையிலும் சுமை குறைந்திருக்கையில் திரிபின் சதவீதம் கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் நண்பகலில் வருகிறது. ஒரே டிரான்ஸ்போமரில் பல கூரைகள் மின்சாரத்தை உள்ளே தள்ளும்போது கோட்டின் வோல்ற்றளவு ஏறுகிறது. வரம்பு மீறினால் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. நல்ல வெயிலில் உற்பத்தி இல்லை என்றால், பலகையைக் கழுவும் முன் வோல்ற்றளவைப் பாருங்கள்.

22. 2025 பெப்ரவரி 9
அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. விடுமுறை நாளில் தேவை குறைவு, வெயிலில் சூரிய உற்பத்தி அதிகம். அதனால் சுழலும் கனமான இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதிர்ச்சி வரும்போது மீடிறன் சட்டென்று விழாமல் தாங்குவது அந்தச் சுழற்சியின் நிலைமமே. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. சூரியனைக் குறை சொல்வதில் பயனில்லை. மின்கலச் சேமிப்பும், வலையமைப்புக்குத் தோள் கொடுக்கும் புதிய இன்வேர்ட்டர்களும், நீர்மின் நிலையங்களின் திட்டமிட்ட துணையும் வேண்டும்.

23. கடலுக்கு அப்பால் ஒரு தண்டனை
ஹார்மோனிக் வரம்புகளுக்கு உலகெங்கும் மேற்கோளாகும் ஐ.ஈ.ஈ.ஈ. 519 விதி 1981 இல் வந்தது. கடைசித் திருத்தம் 2022. 1,000 வோல்ற் வரையான இணைப்பில் வோல்ற்றளவின் மொத்தத் திரிபு 8 சதவீதத்துக்குள்ளும், அதற்கு மேல் 69,000 வோல்ற் வரை 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில், உயர் அழுத்த இணைப்புள்ள நுகர்வோர் ஹார்மோனிக்கைக் கட்டுப்படுத்தத் தவறினால் கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடாகச் செலுத்த நேரிடும். கெடுத்தவரே செலுத்தும் இந்த முறை இங்கும் கருதத்தக்கது.

24. மதுரையிலிருந்து ஒரு கோடு
இந்திய, இலங்கை மின்வலையமைப்புகளை இணைக்கும் திட்டத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தானது. முன்னைய ஆய்வுகளில் பேசப்பட்ட பாதை, மதுரையிலிருந்து மாத்தளை எல்லையை அடுத்த ஹபரணை வரை. இத்தகைய இணைப்பு நேரோட்டத்தில் இயங்கும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பழைய வகை 12 துடிப்பு மாற்றிகள் 11ஆம், 13ஆம் மடங்கலைகளை வெளியிடுவதால், அவற்றின் முற்றத்தில் வடிகட்டிகளுக்கே பெரிய இடம் வேண்டும்.

25. கேட்டுப் பெறும் உரிமை
நமக்கு வர வேண்டியது 230 வோல்ற், கூடினாலும் குறைந்தாலும் 6 சதவீதத்துக்குள். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மீடிறன் 50 ஹேர்ட்ஸில் 1 சதவீதத்துக்குள். குறை கண்டால் நாள், நேரம், பேஸ், வோல்ற்றளவு ஆகிய நான்கையும் எழுதி 1987 இலக்கத்தில் முறையிடலாம். தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. தொழிற்சாலையோ ஹோட்டலோ நடத்துபவர் ஒரு வாரம் மின்தரப் பதிவுக்கருவி பொருத்தி 10 நிமிட இடைவெளிப் பதிவைக் கையில் எடுப்பது நல்லது. கோளாறு வெளியிலிருந்து வருகிறதா, உள்ளிருந்து போகிறதா என்று அது காட்டும். வெளியிலிருந்து வந்தால் கேளுங்கள். உள்ளிருந்து போனால் திருத்துங்கள்; அதே டிரான்ஸ்போமரில்தான் அயல்வீட்டு விளக்கும் எரிகிறது.